உட்காரும் எலும்பும் நெசவாளர் நோவும்

உழைப்பில் மிகுதியாகத் தேயும் அவயவம் எதுவெனக் கேட்டால், கை என்பர், முதுகு என்பர். பிட்டத்தைச் சொல்வார் இல்லை. பேசக் கூச்சப்படும் பாகமாகிவிட்டமையே காரணம் போலும். ஆயினும் தறியில் அமரும் அங்கத்தினரும் கழனியில் குனியும் அங்கத்தினரும் அதன் அமைப்பை அறிந்திருத்தல் அவசியம்.

மேலாக அமைந்திருப்பது பெருந்தசை. மனித தேகத்திலுள்ள தசைகளுள் இதுவே மிகப் பெரியது. இடுப்பெலும்பின் பின்புறத்தில் தொடங்கித் தொடையின் வெளிப்பக்கம் நோக்கிச் சரிவாக இறங்குகிறது. சமதரையில் மெல்ல நடக்கையில் இதற்கு அதிக வேலையில்லை. நாற்று நட்டவர் நிமிரும்போதும், மூட்டையுடன் எழும்போதும், படியேறும்போதுந்தான் தன் வலிமையைக் காட்டுகிறது. அதனடியிலுள்ள இரு சிறு தசைகள், ஒற்றைக்காலில் நிற்கையில் இடுப்பு மறுபுறம் சாயாது காக்கின்றன. அவை நலிந்தால் இடுப்பு சரிவதை 1895-ல் விளக்கியவர் ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரெண்டலன்பர்க்.

நாம் தசையின்மீது அமர்வதாக எண்ணுகிறோம். அது சரியன்று. அமர்ந்தவுடன் பெருந்தசை மேலே விலகிவிடுகிறது. பாரத்தில் பெரும்பகுதி இருபுறமுள்ள எலும்பு முனைகளின்மீது இறங்குகிறது. எலும்புக்கும் தோலுக்குமிடையே கொழுப்பும், சிறிது வழுவழுப்பான திரவங்கொண்ட மெல்லிய பையும் மெத்தைபோல் உள்ளன. கடினமான பலகையில் நெடுநேரம் அமர்ந்து, மிதிகளை மாற்றி மாற்றி அழுத்தும்போது உடல் இப்புறமும் அப்புறமும் அசைகிறது. அவ்வுராய்வினால் பை வீங்கி நோவெடுக்கிறது. இந்நோய்க்கு ஆங்கில மருத்துவர்கள் முற்காலத்தில் இட்ட பெயர் 'நெசவாளர் பிட்டம்' என்பதாகும். நம் தொழிலின் பெயரை ஒரு நோய் தாங்கி நிற்பது பெருமைக்குரியதன்று!

குழித்தறியில் அமர்வோர் பலகையின்மீது தடித்த பஞ்சுத் திண்டு இட்டுக்கொள்க. சில தார்கள் ஓடியதும் எழுந்து நாலடி நடந்து வருவது திண்டினும் மேலான பரிகாரம். அவ்விடம் சிவந்து வீங்கிச் சுரமும் கண்டால், வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தலாகாது.

தேகத்தின் மிகத் தடித்த நரம்பு காலுக்கு இறங்குவதும் இவ்வழியேதான். பிட்டத்தில் ஊசி போடுவோர் மேல் வெளிப்பக்கத்தைத் தேர்வது அந்நரம்பைத் தவிர்ப்பதற்கே. அமரும் இடத்தில் மட்டும் நோவு இருந்தால் பையின் கோளாறாக இருக்கலாம். முழங்காலுக்குக் கீழும் சுரீரென இறங்கி, பாதம் மரத்துப்போனால், பெரும்பாலும் முதுகெலும்பின் இடைத்தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதே காரணம். அதற்குப் பிட்டத்தைத் தேய்த்துப் பயனில்லை. மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். சிறுநீர் கழிப்பதும் தடைப்படின் அன்றே மருத்துவமனைக்குச் செல்க.