ஓவியப் பட்டப்படிப்பா? துறையை முதலில் முடிவு செய்யுங்கள்

பிளஸ் டூ முடிவு வந்ததும் நம் அலுவலகத்துக்கு வரும் பெற்றோரில் சிலர், "பிள்ளைக்கு வரைவதில்தான் நாட்டம். பி.எஃப்.ஏ. சேர்க்கலாமா?" என்று கேட்கிறார்கள். சேர்க்கலாம். ஆனால் அது நான்கு ஆண்டுப் படிப்பு. விண்ணப்பம் போடும் முன்பே நான்கு ஆண்டையும் வீட்டில் உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.

முதலாண்டு எல்லோருக்கும் பொது: கோட்டோவியம், வண்ணம், களிமண் வேலை, வடிவமைப்பு, கலை வரலாறு. அதன் பிறகுதான் துறை பிரியும். நம்மவர்கள் பக்கத்துக் கல்லூரி எது என்று முதலில் பார்க்கிறார்கள். அது தலைகீழ். துணி வடிவமைப்பு, மண்பாண்டக் கலை போன்றவை வேண்டுமானால் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும். ஓவியம், சிற்பம், காட்சித் தொடர்பு வடிவமைப்பு போதுமென்றால் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. சிதம்பரத்திலிருந்து மயிலாடுதுறை வழியாக ரயிலே உண்டு. கடலூர்ப் பிள்ளைகளுக்குப் புதுச்சேரி சாலையில் அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடம் பேருந்தில் போய்வரும் தூரம். ஆனால் அது யூனியன் பிரதேசம், சேர்க்கை விதியை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பலர் கேட்கத் தயங்கும் விஷயம். உயிருள்ள உருவங்களை வரைவது, சிலை வடிப்பது பற்றி மார்க்கத்தில் உள்ள கண்டிப்பு நமக்குத் தெரியும். முதலாண்டிலேயே மனித உருவம் வரையும் பாடம் வரும், அதை விட்டுவிட்டுத் தேற முடியாது. கல்விக்காக வரைவது குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நீங்கள் நம்பும் ஆலிமிடம் பாடத்திட்டத்தையே கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். எதையும் கேட்காமல் சேர்த்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் வரைபலகையைப் பார்த்து "நிறுத்து" என்று சொல்வது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். போன வருஷங்கள் திரும்பி வராது.

பிழைப்பு? சென்னைக் கல்லூரியை 1850-ல் தொடங்கிய அலெக்சாண்டர் ஹன்டர் ஒரு மருத்துவர். கைத்தொழில் பயிற்சியும் அவர் நோக்கமாக இருந்தது. 1966-ல் அதே கல்லூரியின் முதல்வர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலத்தில் குடியேறிய ஓவியர்கள், பாத்திக் துணி செய்து விற்ற வருமானத்தில்தான் படம் வரைந்தார்கள். ஆகவே ஓவியத் துறை எடுத்தாலும் சம்பாதிக்க உதவும் ஒரு தொழிலைப் பக்கத்தில் கற்கட்டும். மக்தபில் ஓதிய பிள்ளைக்கு அரபு எழுத்தணியும் கணித வடிவ அலங்காரமும் துணி வடிவமைப்பில் நல்ல கைமுதல்.

சேர்க்கைக்கு மதிப்பெண் மட்டும் போதாது, வரைதல் தேர்வும் உண்டு. இப்போதிருந்தே தினமும் செம்பு, கூஜா, மடித்த துணி என்று கண்முன் இருப்பதைப் பார்த்து வரையட்டும். கைபேசிப் படத்தைப் பார்த்து வரைவது பயிற்சியாகாது. சேர்ந்த பிறகு கலை வரலாற்றுத் தாளை அலட்சியம் செய்ய வேண்டாம், கைத்திறன் உள்ள பிள்ளைகள் அரியர் வைப்பது இதில்தான். செய்த வேலைகளைத் தேதியுடன் படமெடுத்து வைக்கட்டும், வேலைக்குப் போகுமிடத்தில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

அரசுக் கல்லூரியில் கட்டணத்தைவிடத் தாள், வண்ணம், தூரிகைச் செலவுதான் அழுத்தும். இயலாத குடும்பங்கள் பாடத்திட்ட நகலுடன் அஸருக்குப் பின் அலுவலகம் வாருங்கள், பேசுவோம்.