ஆமை நடைக்கு எந்த நிற டார்ச்?

கேள்வி: என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கோவளத்துக்குத் தெற்கே இரவில் கடலாமை முட்டைகளைத் தேடிப் போகும் குழுவில் சேர்ந்திருக்கிறாள். வெள்ளை டார்ச் கூடாது, சிவப்பு மட்டும்தான் என்கிறாள். பாம்பு கிடந்தால் எப்படித் தெரியும் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் வருவதில்லை. கடையில் வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், புற ஊதா என்று நிறம் மாறும் டார்ச் காட்டுகிறார்கள். எதை வாங்குவது? சிவப்பு வெளிச்சம் கண்ணைக் கெடுக்குமா?
– ஆர்.எம்., செங்கல்பட்டு

பதில்: அம்மா, மங்கலான சிவப்பு வெளிச்சம் கண்ணைக் கெடுக்காது. பாம்புக்குப் பயந்து மகளைத் தடுக்கவும் வேண்டாம். 1970களிலேயே கடலாமை ஆய்வாளர் சதீஷ் பாஸ்கர் போன்றவர்கள் நம் கடற்கரையில் இரவு முழுக்க நடந்து ஆமை முட்டைகளைக் காத்தார்கள். 1988 முதல் சென்னையில் மாணவர்களே ஓர் அமைப்பாகச் சேர்ந்து இந்த வேலையைச் செய்துவருகிறார்கள். ஆனால் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதற்கு வழி, மணலை எட்டும் வரை வெள்ளை, மணலில் சிவப்பு.

காரணத்தைச் சொல்கிறேன். நம் கரைக்கு வருவது பெரும்பாலும் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி). ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை இரவில் கரையேறி, குழி தோண்டி, ஒரு தடவைக்கு நூறு முட்டைக்கு மேல் இடும். கடலை விட்டு ஏறி இடம் தேடும் நேரத்தில் அது மிகவும் மிரளும். அப்போது வெள்ளை ஒளி பட்டால் முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும். ஆமையின் கண் நீலத்தையும் பச்சையையும் நன்றாக உணரும், சிவப்பைக் குறைவாகவே உணரும். ஆகவே பச்சை டார்ச் கண்ணுக்கு இதமாகத் தெரிந்தாலும் இந்த வேலைக்கு ஆகாது.

நம் கண்ணுக்கும் இதில் நன்மை உண்டு. மங்கிய வெளிச்சத்தில் நமக்கு உதவுபவை கோல் செல்கள் (விழித்திரையில் உள்ள இருள்பார்வைச் செல்கள்). வெள்ளை ஒளி பட்டதும் அவற்றிலுள்ள நிறமி சிதைந்துவிடும். இருளுக்குக் கண் மறுபடி முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். சிவப்பு ஒளி அந்தச் செல்களை அவ்வளவாகத் தொடுவதில்லை. கண் பழகிவிட்டால், நிலவில்லாத இரவிலும் நட்சத்திர ஒளியில் ஈரமணலும் ஆமைத் தடமும் தெரியும்.

ஆனால் சிவப்பில் ஒரு குறையும் இருக்கிறது. அதில் நிறங்கள் பிரிந்து தெரியாது. சருகில் சுருண்டு கிடக்கும் கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ சருகோடு சருகாகிவிடும். அதனால் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து தோப்பு, புதர், கல்மேடு தாண்டும் வரை வெள்ளை ஒளியில், மூடிய காலணியோடு நடக்கச் சொல்லுங்கள். திறந்த மணலுக்கு வந்தபின் சிவப்பு போதும். கரையில் பாம்பு ஒதுங்கிக் கிடந்தால், செத்ததுபோல் இருந்தாலும் தொடக்கூடாது, கடல்பாம்பாக இருக்கலாம். யாரையாவது பாம்பு கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இனி டார்ச். எத்தனை நிறம் என்று எண்ண வேண்டாம்; பொத்தானை அழுத்தியதும் எந்த நிறம் முதலில் வருகிறது என்று பாருங்கள். பல டார்ச்சுகளில் வெள்ளை வந்த பிறகே சிவப்பு வரும். அணைக்கும்போதும் சிமிட்டும் வெள்ளையைத் தாண்டியே அணையும். கடற்கரையில் அந்த ஒரு மின்னலே ஆமையைத் திருப்பிவிடக்கூடும், உடன் வருபவர்களின் கண்களையும் கூசவைக்கும். சிவப்புக்குத் தனிப் பொத்தான் உள்ளதையே வாங்குங்கள்.

சிவப்பு எல்.இ.டி. தனியாக இருக்கட்டும், அதன் ஒளி 620 நானோமீட்டருக்கு (ஒளி அலையின் நீளத்தை அளக்கும் அலகு) மேல் இருப்பது நல்லது. வெள்ளை விளக்கின் மேல் ஒரே ஒரு சிவப்புத் தாளை ஒட்டினால் மற்ற நிறங்களும் கசியும். சிவப்பாக இருந்தாலும் பளிச்சென்று அடித்தால் ஆமை மிரளும். ஆகவே ஒளியைக் குறைக்கும் வசதி அவசியம். ஐபிஎக்ஸ்7 (ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் தரம்) என்று குறித்திருந்தால் கடலோரத்துக்கு ஏற்றது. வீடு திரும்பியதும் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசித் துடைத்து வைக்க வேண்டும்.

புற ஊதா ஒளியில் தேள் பச்சையாக ஒளிரும்; வீட்டுத் தோட்டத்தில் தேள் பார்க்க உதவும். ஆமை வேலைக்கு அதுவும் நீலமும் தேவையில்லை.

மகளிடம் சொல்ல வேண்டியவை சில. சிவப்பு ஒளியையும் தேவைப்படும்போது மட்டும், தரையை நோக்கியே காட்ட வேண்டும். ஆமையின் பின்பக்கம்தான் நிற்க வேண்டும். செல்போன் திரை, கேமரா ஃபிளாஷ் இரண்டும் கூடாது. குஞ்சுகள் கடலுக்கு ஓடும்போது எந்த விளக்கும் வேண்டாம். அடிவானத்தில் பிரகாசமான பக்கம் கடல் என்று நம்பி ஓடுபவை அவை. கிழக்குக் கடற்கரைச் சாலை விளக்குகளே அவற்றைத் திசைதிருப்புகின்றன. பங்குனி ஆமை, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர். எனவே வனத்துறை அனுமதி பெற்ற குழுவோடு மட்டுமே போக வேண்டும், தனியாக ஒருபோதும் கூடாது.

வாங்குமுன் கடையின் உள்ளறையில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் போட்டும் அணைத்தும் பாருங்கள். ஒருமுறைகூட வெள்ளை மின்னாமல் சிவப்பு வந்து போனால், தயங்காமல் வாங்கிக் கொடுத்து மகளை அனுப்பி வையுங்கள். அவள் செய்யப்போவது நல்ல காரியம்.