ஊர்தியில் அமெச்சூர் வானொலி: கருவியைப் பொருத்தி இணைக்கும் முறை

இயற்கை இடுக்கண் நேர்ந்த ஊருக்கு அரிசியும் மருந்தும் எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாதது செய்தி. எந்தத் தெருவில் எத்தனை குடும்பங்கள் சிக்கியுள்ளன, எந்தப் பாலம் உடைந்தது, மருத்துவர் எங்கு வேண்டும் என்பவை தெரிந்தாலன்றி உதவி உரிய இடத்தை அடையாது. இக்காலத்தில் கைப்பேசி இல்லாத வீடு அரிது. எனினும் கைப்பேசிக் கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றபின் அங்குள்ள பாட்டரி சில மணி நேரமே தாங்கும். அவ்வேளையில் கம்பியும் கோபுரமும் இன்றி, ஒரு வண்டியின் பாட்டரியைக் கொண்டே ஊர்விட்டு ஊர் பேச வல்ல சாதனம் ஒன்று உண்டு. அதுவே அமெச்சூர் வானொலி. அதனை ஜீப்பிலோ காரிலோ டிராக்டரிலோ பழுதின்றிப் பொருத்தும் முறையை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

நாடு கண்ட பயன்

1999 அக்டோபரில் ஒரிஸ்ஸாவைப் புயல் தாக்கியபோதும், 2001 ஜனவரி 26-இல் குஜராத்தில் நிலநடுக்கம் நேர்ந்தபோதும் அமெச்சூர் வானொலி அன்பர்கள் செய்தித் தொண்டு புரிந்தனர். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்னும் அம்மையாரின் தலைமையில் ஒரு குழு அந்தமானின் போர்ட் பிளேருக்குச் சென்று நிலையம் அமைத்திருந்தது. பிற நாட்டு அன்பர்களுடன் பேசுவதே அவர்கள் சென்ற நோக்கம். டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. அன்று முதல் அந்நிலையமே தீவுக்கும் தாய்நாட்டுக்கும் இடையே நலச் செய்திகளைக் கொண்டு செல்லும் பாலமாயிற்று. 2024 ஜூலை 30-இல் நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தின் வயநாட்டில் மலை சரிந்தபோதும், கல்பெட்டாவில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் அமெச்சூர் நிலையம் ஒன்று இயங்கியது.

மதுக்கரை வட்டாரத்தை எண்ணிப் பார்ப்போம். பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் இது அமைந்துள்ளது. சேலம்–கொச்சி நெடுஞ்சாலையும் பாலக்காட்டு இருப்புப் பாதையும் இவ்வழியே செல்கின்றன. எட்டிமடை, மாவுத்தம்பதி, பிச்சனூர், நவக்கரை முதலிய ஊர்களின் தோட்டங்கள் மலையடிவாரம் வரை பரந்துள்ளன. சாளைகள் ஒன்றுக்கொன்று எட்டத்தில் உள்ளன. 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே மூன்று யானைகள் இரயிலில் அடிபட்டு மாண்டதை இப்பகுதியார் மறந்திரார். வனத்துறையும் இரயில்வேயும் தத்தமக்கு உரிய சாதனங்களை வைத்துள்ளன. ஊர்மக்கள் பக்கத்திலும் பயிற்சி பெற்ற ஒருவர், பழுதில்லாத ஒரு கருவியுடன் இருப்பாராயின், நெருக்கடி வேளையில் அது ஊருக்குத் துணையாகும்.

உரிமமே முதற்படி

கருவியை வாங்குமுன் உரிமம் பெற வேண்டும். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையைச் சேர்ந்த கம்பியில்லாத் திட்ட ஒருங்கிணைப்புப் பிரிவு இதற்கான தேர்வை நடத்திச் சான்றிதழ் வழங்குகிறது. பன்னிரண்டு வயது நிரம்பியோர் தேர்வெழுதலாம். கட்டுப்பாட்டு வகுப்பு, பொது வகுப்பு என இருவகைச் சான்றிதழ்கள் உண்டு. கட்டுப்பாட்டு வகுப்புக்கு வானொலி விதிகளும் மின்னியலின் தொடக்கப் பாடங்களும் போதும். மோர்ஸ் தந்திக் குறி தேவையில்லை. தேர்ச்சி பெற்றவர்க்கு 'வி.யூ.' என்று தொடங்கும் அழைப்புக்குறி அளிக்கப்பெறும். வண்டியில் நிலையம் அமைப்பதற்குத் தம் உரிமத்தில் இடமுண்டா என்பதையும் அவர் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். இது வாணிகத்துக்கோ, அலுவலகத்தின் அன்றாட வேலைக்கோ உரியதன்று. தக்காளி விலை கேட்பதற்கும் தண்ணீர் லாரியை அழைப்பதற்கும் இதனைப் பயன்படுத்தலாகாது. இயற்கை இடுக்கண் நேருங்கால் மாவட்ட ஆட்சியர் முதலிய அதிகாரிகளின் செய்திகளைக் கொண்டு செல்வதற்கு, 1978-இல் வகுக்கப்பெற்ற அமெச்சூர் விதிகளே இடமளித்தன. போலீஸ், வனத்துறை ஆகியோருக்கு உரிய அலைகளில் பேசுதல் குற்றம். உரிமமின்றிப் பேசுதலும் குற்றமே.

தேவையான பொருள்கள்

வண்டிகளில் பெரும்பாலும் பயன்படுவது 144 முதல் 146 மெகா ஹெர்ட்ஸ் வரையுள்ள 'இரண்டு மீட்டர்' அலைவரிசை. இதற்குரிய 50 வாட் கருவி 13.8 வோல்ட்டில் இயங்கும். கேட்கும்போது ஒரு ஆம்பியருக்கும் குறைவாகவே மின்சாரம் இழுக்கும். முழு வலிவில் பேசும்போது 10 முதல் 13 ஆம்பியர் வரை இழுக்கும். கருவியைத் தவிர வேண்டுவன: தடித்த செம்புக் கம்பி, பியூஸ்கள், ஏரியல், அதன் அடித்தளம், 50 ஓம் கேபிள், இணைப்பு முனைகள், மல்டிமீட்டர், திரும்பும் அலையை அளக்கும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர்.

வண்டியின் பாட்டரி 12 வோல்ட்டா என்று முதலில் அறிக. கார், ஜீப், டிராக்டர் ஆகியன பெரும்பாலும் 12 வோல்ட் உடையவை. கனரக லாரிகளும் பேருந்துகளும் 24 வோல்ட் உடையவை. அங்கு நேரே இணைத்தால் கருவி கருகிவிடும். இரண்டு பாட்டரிகளுள் ஒன்றிலிருந்து மட்டும் எடுப்பதும் தவறு. ஒன்று வறண்டு, மற்றது மிகைபட்டு, இரண்டும் கெடும். 24-ஐ 12 ஆக்கும் மாற்றுக் கருவியை வைப்பதே முறை.

மின்சாரம் எடுக்கும் விதம்

சுருட்டுப் பற்றவைக்கும் துளையிலிருந்து மின்சாரம் எடுப்பது பலருக்கும் தோன்றும் எளிய வழி. ஆனால் அக்கம்பி இத்தனை ஆம்பியருக்காக அமைந்ததன்று. கம்பி சுடும், பேச்சும் உடைபடும். ஆகவே பாட்டரியிலிருந்து நேரே தனிக்கம்பி இழுக்க வேண்டும்.

கம்பியின் பருமன் ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்கால் அறியலாம். பாட்டரியிலிருந்து கருவி வரை நான்கு மீட்டர் எனில், போகவும் வரவும் எட்டு மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 12 ஆம்பியர் பாயுங்கால் சுமார் 1.3 வோல்ட் வழியிலேயே வீணாகும். 4 சதுர மில்லிமீட்டர் கம்பியாயின் அரை வோல்ட்டுக்கும் சற்றுக் குறைவாகவே இழப்பு நேரும். பம்பு செட்டுக்கு மெல்லிய கம்பி போட்டு மோட்டாரைக் கருக விட்டவர்க்கு இவ்வுண்மையை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சிவப்புக் கம்பியில், பாட்டரி முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருத்தல் வேண்டும். கருவியின் அருகில் பியூஸ் வைத்து, இடையில் கம்பி உரசித் தகட்டைத் தொடுமாயின், அந்த பியூஸ் நம்மைக் காவாது, வண்டி தீப்பற்றும். கறுப்புக் கம்பியைப் பாட்டரியின் எதிர்முனையில் இணைத்தால் அதற்கும் பியூஸ் வேண்டும். பாட்டரியையும் வண்டியுடலையும் இணைக்கும் தடித்த பட்டை தளர்ந்திருப்பின், ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் நம் கறுப்புக் கம்பி வழியே பாய முற்படும் என்பதே காரணம். புதிய வண்டிகள் சிலவற்றில் எதிர்முனையில் மின்னோட்டத்தை அளக்கும் உறுப்பு இருக்கும். அவற்றில் அந்தப் பட்டை வண்டியுடலைச் சேரும் இடத்தில் கறுப்புக் கம்பியை இணைத்தல் நலம்.

எஞ்சின் அறையிலிருந்து உள்ளே கம்பியைக் கொணரும் துளையில் ரப்பர் வளையம் இடுக. சுடும் குழாய், சுழலும் பட்டை, மிதிகட்டைகள் ஆகியவற்றுக்கு எட்டத்தில் கம்பியைக் கட்டுக. எல்லா இணைப்பும் முடிந்த பின்னரே பியூஸைச் செருகுக.

கருவி அமரும் இடம்

ஓட்டுநரின் பார்வைக்கும் கைக்கும் இடையூறின்றி, காற்றோட்டமுள்ள இடத்தில், இரும்புத் தாங்கியில் திருகுகளால் கருவியை இறுக்குக. பேசும்போது அதன் முதுகுத் தகடு சுடும். துணியோ சாக்கோ அதன்மேல் படலாகாது. காற்றுப்பை உள்ள வண்டியில் அப்பை விரியும் வழியில் கருவியையோ கம்பியையோ வைத்தல் உயிருக்கே ஆபத்து. டிராக்டரில் தூசும் மழையும் அதிர்வும் மிகுதியாதலால், மூடியுள்ள தகரப் பெட்டியில் ரப்பர் மெத்தையிட்டு வைத்து, வேலை முடிந்ததும் வீட்டுக்குக் கொண்டு செல்வது நன்று.

ஏரியல்

நிலம் நன்றாயிராவிடில் வித்து என் செய்யும்? கருவி எவ்வளவு உயர்ந்ததாயினும் ஏரியல் சரியில்லாவிடில் பயனில்லை. 145 மெகா ஹெர்ட்ஸில் அலையின் நீளம் சுமார் 2.07 மீட்டர். அதில் கால் பங்கு சுமார் 52 சென்டிமீட்டர். நடைமுறையில் இதனினும் சற்றுக் குறைந்து, ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் கம்பி போதும்.

இக்கம்பி ஏரியலில் ஒரு பாதியே. மறுபாதி அதன் கீழுள்ள உலோகத் தகடு. ஆதலால் இரும்புக் கூரையின் நடுவே வைப்பது சிறந்தது. சுற்றிலும் அரை மீட்டர் அளவு தகடு இருத்தல் வேண்டும். காந்த அடித்தளத்தை வைக்குமுன் கூரையின் தூசியைத் துடைத்திடுக. அலுமினியத்திலும் பைபரிலும் காந்தம் பற்றாது. பைபர் கூரையுள்ள டிராக்டரில், இரும்பு மட்கார்டில் தாங்கி அமைத்து, பெயின்டைச் சுரண்டி, உலோகத்தோடு உலோகம் படும்படி இறுக்குக.

கேபிளை வேண்டிய நீளத்துக்கே வெட்டுக. ஆர்.ஜி. 58 என்னும் மெல்லிய கேபிளில் ஐந்து மீட்டருக்குள்ளேயே வலிவில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு தேய்ந்துவிடும். முனையில் பி.எல். 259 இணைப்பை ஈயப்பற்று வைத்துப் பொருத்திய பின், நடுக்கம்பியும் வெளிப்பின்னலும் ஒன்றையொன்று தொடவில்லை என்பதை, ஏரியலை மாட்டுமுன் மல்டிமீட்டரால் சோதித்தறிக. கதவிடுக்கில் கேபிள் நசுங்கலாகாது.

அளந்து நறுக்குதல்

ஏரியலை மாட்டாமல் பேச்சுப் பொத்தானை அழுத்துதல் கூடாது. கருவியைக் குறைந்த வலிவில் வைத்து, வெட்டவெளியில் வண்டியை நிறுத்தி, கருவிக்கும் கேபிளுக்கும் இடையே எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை இணைத்து, 144, 145, 146 என மூன்று இடங்களில் அளக்க வேண்டும். அளவு 1.5 எனில் நூற்றுக்கு நான்கு பங்கு வலிவே திரும்பும். 2 எனில் சுமார் பதினொரு பங்கு. 3 எனில் இருபத்தைந்து பங்கு. 1.5-க்குள் வந்தால் மிக நன்று. 3 ஆயின் உடனே நிறுத்திப் பழுதைத் தேடுக.

144-இல் குறைவாகவும் 146-இல் மிகுதியாகவும் இருந்தால் கம்பி நீளம். சிறிது நறுக்க வேண்டும். மாறாக இருந்தால் கம்பி குட்டை, நீட்ட வேண்டும். மூன்று மில்லிமீட்டர் குறைத்தாலே சுமார் 0.9 மெகா ஹெர்ட்ஸ் மாறுமாகையால், ஒருமுறைக்கு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நறுக்காதீர்.

பின்னர் எஞ்சினை ஓட்டி, முழு வலிவில் பேசும்போது கருவியின் முனையில் வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் இறங்கினால் எங்கோ இணைப்பு தளர்ந்துள்ளது. எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் சீழ்க்கை கேட்டால், அது மின்னாக்கியிலிருந்து வருவது. கம்பி நேரே பாட்டரிக்குச் செல்கிறதா, உலோக இணைப்புகள் துருவின்றி உள்ளனவா என்று ஆராய்க.

பயன்படுத்துங்கால்

இவ்வலை நேர்கோட்டில் செல்வது. குன்றின் மறைவில் கேட்காத குரல், வண்டியை நூறடி நகர்த்தி மேட்டில் நிறுத்தினால் தெளிவாகக் கேட்கக்கூடும். பேசுமுன் அலைவரிசை வெறுமையாக உள்ளதா என்று கேட்டு, அழைப்புக்குறியைச் சொல்லி, சுருங்கப் பேசுக.

பாட்டரியின் அளவும் நினைவில் இருக்கட்டும். அரை ஆம்பியர் வீதம் பன்னிரண்டு மணி நேரம் கேட்டால் 6 ஆம்பியர்-மணி. மொத்தம் ஒரு மணி நேரம் பேசினால் 12. ஆக 18. அறுபது ஆம்பியர்-மணி பாட்டரியில் இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆதலால் இடையிடையே எஞ்சினை ஓட்டுக. அருகில் பேச 5 வாட்டே போதுமெனில் 50 வாட் எதற்கு?

உயிர்காக்கும் எச்சரிக்கைகள்

மதுக்கரை வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் எடுக்கும் தொழிலும் கல்குவாரிகளும் உண்டு. மின்சாரத்தால் வெடிக்கச் செய்யும் வெடிகளை அடுக்கியுள்ள இடத்துக்கு அருகே வானொலியில் பேசினால், அதன் கம்பிகளே ஏரியலாகி மின்சாரத்தைப் பற்றிக்கொண்டு, காலத்துக்கு முன்னரே வெடி தீப்பற்றக்கூடும். குழியருகே நிற்போரின் உயிர் நம் விரலின் கீழ் உள்ளது. எனவே குவாரிப் பாதையில் திரும்புமுன் கருவியை அணைத்துவிடுக. பெட்ரோல் பங்கிலும் அவ்வாறே செய்க.

ஏரியலுக்குக் கைதொடும் தூரத்தில் ஆள் நிற்கையில் பேசாதீர். தாழத் தொங்கும் மின்கம்பியின் கீழ் வண்டியை நிறுத்தி ஏரியலை நட்டுதல் கூடாது. இடி மின்னலின்போது வெளியே நின்று ஏரியலைக் கையாளாதீர்.

பஞ்சாயத்து செய்யத்தக்கது

ஊரில் உரிமம் பெற்றவர் உளரா என்று விசாரித்து, அவருடைய பெயரை இடர்க்காலத் தொண்டர் பட்டியலில் சேர்க்கலாம். உயர்நிலைப் பள்ளி மாணவர்களைத் தேர்வுக்கு ஊக்குவிக்கலாம். பன்னிரண்டு வயதிலேயே இக்கலையைத் தொடங்கலாம் என்பது கருதத்தக்கது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருநாள், உரிமம் பெற்றவரின் வண்டியைக் கிராமத்தின் மேட்டுப் பகுதிகளில் நிறுத்தி, எங்கிருந்து எங்குவரை குரல் கேட்கிறது என்பதைப் படமாகக் குறித்து அலுவலகச் சுவரில் மாட்டலாம். இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை.

மாதம் ஒருமுறை பாட்டரி முனைகளைத் துடைத்து, திருகுகளை இறுக்கி, ஒரு முறையேனும் பேசிப் பார்த்தல் வேண்டும். ஏரைத் துருவேற விட்டுவிட்டு மழை பெய்த அன்று தேடும் உழவர் நம்மிடையே இல்லை. வானொலிக் கருவியையும் அவ்வாறே பேணுவோமாக.