இறங்காத விலை என்று ஒன்று கிடையாது

"ஜெயங்கொண்டத்துல மனை விலை ஏறும், இல்லன்னா நிக்கும். இறங்கின சரித்திரமே கிடையாது." புரோக்கர் சொன்னால் அது அவர் பிழைப்பு, விட்டுவிடலாம். பள்ளிக்கூட ஆசிரியர் சொல்கிறார். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தவர் சொல்கிறார். பெண்ணுக்கு வரன் தேடும் அப்பாவும் சொல்கிறார். 2024 நவம்பரில் இங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் தைவான் காலணித் தொழிற்சாலைக்கு முதல்வர் அடிக்கல் நாட்டியதிலிருந்து இந்தப் பேச்சு இன்னும் வலுத்துவிட்டது. 15,000 பேருக்கு வேலையாம், அத்தனை பேருக்கும் வீடு வேண்டாமா என்று கணக்குப் போடுகிறார்கள். சிவில் வழக்குக் கட்டுகளுக்கு நடுவே காலம் தள்ளும் எனக்கு இதைக் கேட்கக் கேட்க எரிச்சல்தான் வருகிறது. வேறு எந்த ஊர்க்காரர் சொன்னாலும் பொறுத்துக்கொள்ளலாம், இந்த ஊர்க்காரர் சொல்லலாமா?

நிலக்கரித் திட்டத்தை அதற்குள் மறந்துவிட்டீர்களா?

1990களில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம், அனல்மின் நிலையம் என்று சொல்லி அரசு நிறுவனமான டிட்கோவுக்காக எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கக் கிளம்பினார்கள். அன்றைக்கும் இதே பேச்சுதான். இன்னொரு நெய்வேலி ஆகப்போகிறது, மண்ணெல்லாம் பொன் என்றார்கள். வந்து சேர்ந்தது நோட்டீஸ். அப்போதிருந்த 1894-ம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி, நிலம் எடுக்கப்போவதாகச் சொல்லும் 4(1) அறிவிக்கை வெளியான தேதியில் நிலம் என்ன விலையோ, அதுதான் கணக்கு. அதற்குப் பிறகு கலெக்டர் அனுமதி இல்லாமல் நீங்கள் வீடு கட்டினாலும் கிணறு வெட்டினாலும் அந்தச் செலவு இழப்பீட்டில் சேராது என்றது அதன் 24-வது பிரிவு. அப்படிப்பட்ட நிலத்தை யார் வாங்குவார்? எந்த வங்கி அடமானம் பிடிக்கும்? முந்திரி வருஷா வருஷம் காய்த்தது. நிலத்துக்கு மட்டும் விலை இல்லை.

அதிக இழப்பீடு கேட்டுப் போட்ட வழக்குகள் கால் நூற்றாண்டு இழுத்தன. சுரங்கம் வரவில்லை. கடைசியில் அரசே திட்டத்தைக் கைவிட்டு, நிலத்தை உரியவர்களிடமே திருப்பித் தர முடிவெடுத்தது. நோட்டீஸ் வந்தபோது பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு, அதற்குள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வந்துவிட்டது. ரெண்டு ஏக்கரை விற்றுப் பெண்ணைக் கட்டிக்கொடுக்கலாம், பையனைப் படிக்க வைக்கலாம் என்று இருந்தவர்கள் கந்துவட்டிக்குப் போனார்கள். விலை விழுவது என்றால் இதுதான் ஐயா.

நிலக்கரி பழைய கதை என்பீர்கள். 2016 பழைய கதையா? அந்த ஆண்டு செப்டம்பர் 9 அன்று அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. வயலில் கல் நட்டு, செம்மண் ரோடு போட்டு, வளைவு கட்டி விற்ற மனைகள் அப்படியே நின்றன. நடுவில் வந்த சின்னத் தளர்வை விட்டுவிட்டால் 2017 மே வரை இதே நிலைதான். அடுத்த மாதமே, ஜூன் 9 அன்று, தமிழக அரசு பத்திரப் பதிவுக்கான வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. இறங்கின சரித்திரமே கிடையாது என்றால் அரசு எதற்காக மூன்றில் ஒரு பங்கை வெட்டியது? பல இடங்களில் அரசு போட்ட விலைக்கே மனை வாங்க ஆள் இல்லை என்பதால்தானே?

ஆனாலும் ஜனங்கள் நம்புவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் பக்கம் விலை விழுந்தால் யாரும் போர்டு எழுதி வைப்பதில்லை. விசாரித்தால் பழைய விலையையே சொல்வார்கள், வாங்கத்தான் ஆள் வராது. நஷ்டத்துக்கு விற்றவரும் வெளியே சொல்ல மாட்டார், சம்பந்தி வீட்டில் மானம் போய்விடும். சரிவு பதிவு அலுவலகத்தில் தெரிவதில்லை, வீட்டுக்குள்ளேதான் தெரிகிறது.

2016 தடைச் சமயத்து ஒப்பந்தம் ஒன்று என் மேசைக்கு வந்தது. இருபது ரூபாய் முத்திரைத்தாள், பேனா மையில் எழுதியது, கீழே ரெண்டு சாட்சி. மூன்று மாதத்தில் பாக்கியைக் கொடுத்துக் கிரயம் முடிப்பதாக வாசகம். பதிவு செய்யவில்லை. தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது 2012 டிசம்பரிலிருந்தே கட்டாயம், ஆனால் "மாமன் மச்சானுக்குள்ள எதுக்குப் பதிவு" என்று விட்டுவிட்டார்கள். வாங்குகிறவர் முன்பணம் கொடுத்தது மனைவியின் நகையை விற்று. விற்கிறவர் அதை மகள் கல்யாணத்தில் செலவழித்துவிட்டார். தடை வந்தது, மனைக்கு மவுசு போனது. இவர் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார், அவர் மனையை எடுத்துக்கொள் என்கிறார். பேசிப் பேசியே ஒப்பந்த வழக்குக்கான மூன்று வருஷக் கெடுவும் ஓடிப்போனது. வளைகாப்புக்குப் போகவில்லை, காதுகுத்துக்குப் போகவில்லை, கடைசியில் கருமாதிக்கும் போகவில்லை. ரெண்டு குடும்பத்துப் பெண்களும் பேசி வருஷக்கணக்காகிறது. மனையில் கருவேலம் மண்டிக் கிடக்கிறது.

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

விலை விழுந்தால் வீட்டுச் சாவியை பேங்கில் கொடுத்துவிட்டு நடையைக் கட்டலாம் என்கிறார்கள். இது 2008-ல் அமெரிக்காவிலிருந்து கிளம்பிய கதை. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில், வீடு வாங்கக் கொடுத்த கடனுக்கு அந்த வீட்டோடு பொறுப்பு முடியலாம். இங்கே அந்த வேலை நடக்காது. தவணை 90 நாள் தவறினால் வாராக்கடன். பிறகு சர்ஃபாசி சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ். பிறகு ஏலம். ஏலத்தில் குறைந்த தொகைக்குப் போனால், மீதிக் கடன் உங்கள் தலையில்தான். ஸ்பெயினிலும் இதே சட்டம்தான். வீடும் போய்க் கடனும் நின்றவர்கள் 2009-ல் பார்சிலோனாவில் சங்கமே அமைத்துத் தெருவில் இறங்கினார்கள். இங்கே உங்களுக்காக ஜாமீன் போட்டவரையும் சட்டம் விடாது. கடனாளிக்கு என்ன பொறுப்போ, அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு.

விலை விழுந்தால் ஏழைகள் வாங்கிவிடுவார்கள் என்பது அடுத்தது. அயர்லாந்தில் 2007-க்குப் பிறகு ஆறே வருஷத்தில் வீட்டு விலை பாதிக்கு வந்தது. கூடவே வேலையில்லாதவர்கள் 15 சதவீதம் ஆனார்கள், வங்கிகள் கடன் கொடுப்பதை நிறுத்தின, இளைஞர்கள் கப்பல் ஏறினார்கள். முடிக்காமல் விட்ட குடியிருப்புகள் மட்டும் 2,800-க்கு மேல். கையில் ரொக்கம் வைத்திருந்தவர்தான் வாங்கினார்.

வாங்கியவருக்குத்தானே நஷ்டம் என்பவர்கள், விலை விழுந்து கட்டட வேலை நின்றால் என்ன ஆகும் என்று, காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடும் இடத்தில் நிற்கும் கொத்தனாரையும் சித்தாளையும் கேட்டுப் பாருங்கள்.

தொழிற்சாலை வரட்டும், நல்லதுதான். மனை வாங்கவே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் இந்த வட்டாரத்தில் மனை என்பது பாதிப் பேருக்குப் பெண்ணின் கல்யாணச் செலவு. மிச்சப் பேருக்கு அது பெண்ணுக்குப் போடும் சீர். ரெண்டையும் நிறுத்துங்கள் என்று நான் சொல்லாத மேடை இல்லை. கல்யாணத் தேதியை நம்பி மனையைப் போட்டால், தேதி வரும்போது வாங்க ஆள் வர வேண்டுமே! அந்தப் பணத்தில் பெண்ணைப் படிக்க வையுங்கள், ஏலம் போட முடியாத சொத்து அது ஒன்றுதான். வாங்கியே தீருவேன் என்றால் பெண் பெயரிலேயே பத்திரம் பதியுங்கள்.

வீட்டுக்கடன் வாங்கும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. "இங்க ஒரு கையெழுத்துப் போடு" என்று மனைவியிடம் நீட்டுகிறீர்களே, அந்த இடத்தில் அவர் இணைக் கடனாளி. நாளைக்கு நோட்டீஸ் அவர் பெயருக்கும் வரும். போடுவதற்கு முன்னால் முப்பது வருஷ வில்லங்கச் சான்று, மனைக்கான டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகார எண், மாதத் தவணை, வேலை போனால் எத்தனை மாதம் தாங்கும் என்ற கணக்கு, இந்த நான்கையும் அவர் முன்னால் வையுங்கள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.