சுரங்கம் புகட்டிய பாடம்

கேள்வி: நிர்வாகவியல் ஆராய்ச்சியால் முதலாளிகளுக்கன்றி, சமூகத்துக்கும் சர்க்காருக்கும் பிரயோஜனம் உண்டா?

பதில்: உண்டு. 1947-இல் பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்கள் தேசியமயமாகி, யந்திரங்கள் பெருகியும் உற்பத்தி எதிர்பார்த்தபடி உயராத காரணத்தை ஆராய்ந்த லண்டன் டாவிஸ்டாக் ஆராய்ச்சி நிலையத்து எரிக் டிரிஸ்டும், முன்னாள் சுரங்கத் தொழிலாளியான கென் பாம்ஃபோர்த்தும் 1951-இல் வெளியிட்ட கட்டுரை சிந்திக்கத் தக்கது. கரியை வெட்டுவது முதல் அள்ளி ஏற்றுவது வரை இரண்டு மூன்று பேராகக் கூடித் தாமே செய்துவந்த சிறு குழுக்களைக் கலைத்து, ஒரு ஷிப்டு வெட்ட, மற்றொரு ஷிப்டு அள்ள என்று வகுத்ததனால், பரஸ்பர நம்பிக்கை குலைந்து, வேலைக்கு வராமையும் மனக்கிலேசமும் மிகுந்தன என்று அவர்கள் கண்டார்கள். அதே நிலையத்து ஏ. கே. ரைஸ் அகமதாபாத் காலிகோ ஆலையில் தறிகாரர்களைச் சிறு குழுக்களாக அமைக்கச் செய்தபோது, நாளடைவில் உற்பத்தி உயர்ந்து துணிச்சேதம் குறைந்தது. உடைமை கைமாறினாலும் வேலைமுறை மாறாவிடில் பயனில்லை என்பது, முதலாளியைவிடச் சர்க்காரே முதலில் கற்கவேண்டிய பாடம்.