ஏழு மணி சைரன்

மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டத்து மோஹித்யாஞ்சே வட்காவ் கிராமத்தில் 2022 முதல் ஒரு வழக்கம். மாலை 7 மணிக்குக் கோயில் சைரன் ஒலித்தால் ஒன்றரை மணி நேரம் போனும் டி.வி.யும் அணையும். பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பெரியவர்களுக்கும்தான்.

மும்பை தாராவியின் ஒற்றை அறை வீடுகளுக்கு இந்த வழக்கம் இன்னும் பொருந்தும். பக்கத்தில் அப்பா ரீல்ஸ் பார்த்தால் பத்தாம் வகுப்புப் பையன் கணக்குப் போடுவது எப்படி?

வாட்ஸ்அப்பில் வரும் வீட்டுப்பாடத்தை நோட்டில் எழுதிக்கொண்டதும் போனை அலமாரி மேல் வைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ உண்டு. யூடியூபுக்குத் தினசரி நேர வரம்பு போடலாம். (அதை நீக்கவும் பையனுக்குத் தெரியும்!) அவனுக்குத் தனி போன் இருந்தால், கூகுளின் ஃபேமிலி லிங்க் மூலம் அம்மா போனிலிருந்தே பூட்டுவது மேல்.

காலையில் எழுப்ப சாதாரண அலாரம் கடிகாரமே போதும். தலையணை அடியில் போன் வேண்டாம்.