சங்கத்தை விட்டுவிடாதே

நூம்பல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் நம் இருளர் சனங்களுக்காக உழைக்கப்போகிறாய் என்று உன் அப்பன் சொன்னான். அதை நான் தடுக்கவில்லை. அந்த நேரத்தை எதில் போடப்போகிறாய் என்பதுதான் என் கவலை. பாட்டுகளைப் பதிவு செய்வதும், மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கன்னியம்மனைக் கும்பிடக் கூடுகிறவர்களைப் படம் எடுப்பதும், ஏரியை மண் கொட்டி மூடுவதை எதிர்த்துக் கரையில் பதாகை பிடிப்பதும் வேண்டியவைதான். ஆனால் நம் அறிவு, சட்டம் ஒப்புக்கொண்ட ஒரு பிழைப்பாக இருக்கும்வரைதான் அடுத்த தலைமுறையின் கைக்குப் போகும். படத்தில் பார்த்து எந்தப் பிள்ளையும் பாம்பின் தடம் படிக்கக் கற்றுக்கொள்ளாது.

1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; பிறகு பாம்புத்தோல் ஏற்றுமதியும் நின்றது. தோலுக்காகப் பாம்பு பிடித்த இருளர் வீடுகளில் அடுப்பு அணைந்தது. தடை சரியானது, அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் 1978இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் துணையோடு வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமையாமல் இருந்திருந்தால், அந்த அறிவு அத்தோடு போயிருக்கும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் பிடித்துவந்து, மண்பானையில் வைத்து, சில வாரம் விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் போட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியில் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. அப்படிப்பட்ட நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு அந்தப் பானைகளிலிருந்து விஷம் போகிறது. அந்தச் சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் ஃபுளோரிடா சதுப்பு நிலத்தில் மலைப்பாம்பு தேடப் போனதையும், 2023இல் பத்மஸ்ரீ பெற்றதையும் எல்லாரும் பேசுகிறார்கள். இத்தனை பாம்புதான் பிடிக்கலாம் என்று அரசு உத்தரவு வந்தால்தான் பானை நிறையும் என்பதை யார் பேசுகிறார்கள்? கைதட்டுகிறவர்கள் காகிதம் தருவதில்லை, பாப்பா. பழங்குடிச் சான்றுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடந்து நடந்து படிப்பையே விட்ட பிள்ளைகள் எத்தனை! பட்டாவும் சான்றும் இல்லாதவர்கள்தானே செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குச் சிக்கினார்கள். 1976இல் கொத்தடிமை முறையைச் சட்டம் ஒழித்த பிறகும் சிக்கினார்கள்.

சங்கம், மனு என்று உட்கார்ந்திருந்தால் அதற்குள் ஏரி போய்விடும் என்பாய். நியாயமான பேச்சு. ஆனால் ஏரி ஒரு வேலை, நம் வழக்கம் வேறு வேலை என்று நீ பிரித்துப் பார்ப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. வயல் இருந்தால் எலி, எலி இருந்தால் பாம்பு. புற்று இருந்தால் மழைக்கு ஈசல். பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்து வயலெல்லாம் மனையான பிறகு, இந்தப் பக்கத்தில் ஒரு பிள்ளைக்கு எலிவளையை எங்கே காட்டுவாய்? அதனால் ஏரிக்குப் போராடு. பதாகையோடு மட்டும் போகாமல் சர்வே எண்ணோடும் 'அ' பதிவேட்டு நகலோடும், சங்கமாகப் போ. இனிமேல் பாம்பைப் பண்ணையிலேயே வளர்த்து விஷம் எடுத்துக்கொள்வார்களே, நாம் எதற்கு என்றும் கேட்கலாம். ஒரே இனப் பாம்பின் விஷம் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகிறது, ஓரிடத்து விஷத்தில் செய்த மருந்து வேறிடத்தில் சரியாக வேலை செய்வதில்லை என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அப்படியானால் ஒவ்வொரு வட்டாரத்திலும் மண்ணைத் தெரிந்த கை வேண்டும். வளர்ப்புப் பண்ணையே வந்தாலும் அதற்குப் பொருத்தமான ஆள் நம்மவர்தான். கேட்டு வாங்க ஒரு சங்கம் இருக்க வேண்டும்.

படமும் பதாகையுமா, சங்கமா என்பதை நீயே முடிவு செய். எதுவானாலும் பெரியப்பா உன் பக்கம்தான். இவ்வளவு சொல்லிவிட்டேனே என்று மனசு நோகாதே, தங்கம். உனக்கு இருக்கிற துணிச்சல் நம் வீட்டில் வேறு யாருக்கும் வந்ததில்லை. நீ எடுத்த படங்களையும் கொண்டுவா, எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்க்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. ஏரியை மண் கொட்டி மூடுகிறவர்களிடம் தனியாகப் போய்ப் பேசாதே. இருட்டிய பிறகு அந்தக் கரைக்கே போகாதே.

அன்புடன்,
பெரியப்பா